மான் கொம்பு பொறுக்கத் தடை: எந்த விதி மானுக்கு உதவும்?

அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் குடியேறிய நண்பர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். கடைசியாகக் கேட்டவன் எங்கள் ஊர்த் தம்பி. "அண்ணா, உதிர்ந்த மான் கொம்பு பொறுக்குறதுக்கு விதி கொண்டு வரணுமான்னு எங்க பக்கம் பேச்சு ஓடுது. வருஷா வருஷம் மூடணுமா, பனி கொட்டித் தீர்த்த வருஷம் மட்டும் மூடினா போதுமா, இல்ல லைசென்ஸ் மாதிரி ஏதாவது வெச்சா சரியாயிடுமா? பசங்களுக்கும் கொம்பு தேடறது பிடிச்சிருக்கு. நான் எந்தப் பக்கம் எழுதறது?"

அவனுக்கு எழுதிய பதில்தான் இது, கொஞ்சம் விரித்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு விதியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி வரை மூடிவைப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதற்கும் விலை உண்டு. அந்த விலை தெரியாமல் அதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

## கொம்பு கிடக்கும் இடமும் மான் நிற்கும் இடமும்

மாட்டுக் கொம்பு உதிராது. நம் வெளிமானின் முறுக்குக் கொம்பும் உதிராது. புள்ளிமானும் மிளாவும் கொம்பு உதிர்ப்பவை. அமெரிக்காவின் மேற்கில் எல்க், மூஸ் என்ற பெரிய மான்களும் மியூல் மானும் அதே வகை. இணைசேரும் காலம் முடிந்து ஆணின் ஹார்மோன் சுரப்பு இறங்கியதும் கொம்பின் அடி எலும்பு அரித்துக்கொண்டே வந்து, ஒருநாள் கொம்பு தானாகக் கழன்று விழுகிறது. மியூல் மான் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை உதிர்க்கும். எல்க் மார்ச்சிலும் ஏப்ரலிலும். பெரிய எல்க்கின் ஒரு ஜோடிக் கொம்பு பத்துக் கிலோவைத் தாண்டும்.

அதற்குச் சந்தை இருக்கிறது. கத்திப்பிடி, விளக்குக் கொத்து, நாய் கடிக்கும் துண்டு, கிழக்காசிய மருந்து என்று பல வழியில் போகிறது. வாங்குபவர்கள் பவுண்டுக் கணக்கில் எடைபோட்டு, நிறம் பார்த்து விலை சொல்கிறார்கள். அந்த ஆண்டு உதிர்ந்து பழுப்பு மாறாமல் இருப்பது 'பிரவுன்'. அதற்குத்தான் நல்ல விலை. வெயிலில் வெளுத்தது 'ஒயிட்', வெடித்துச் சுண்ணாம்பாகிப் போனது 'சாக்'. விலை படிப்படியாக இறங்கும். இந்த நிற விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

சிக்கல் எங்கே என்றால், குளிர்காலத்தில் மான்கள் உயரத்திலிருந்து இறங்கி, பனி சீக்கிரம் உருகும் தெற்குப் பார்த்த சரிவுகளில் ஒதுங்குகின்றன. அங்கேதான் சேஜ்பிரஷ் புதர் பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கும். அங்கேயே கிடா மான்கள் கொம்பை உதிர்க்கின்றன. ஆக, மான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடமும் மனிதன் கொம்பு தேடிப் போகும் இடமும் ஒன்றுதான். காலமும் ஒன்றுதான்.

2019 மார்ச்சில் யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்கில் ஒரு சரிவில் நானும் கொம்பு தேடப் போனேன். மாநிலம் கேட்கிற இணையப் பாடத்தை முடித்து, சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஜூனிப்பர் மரங்களைத் தாண்டியதும் கீழே பழுப்பாக ஏதோ தெரிந்தது. இடப்பக்கக் கொம்பு, நான்கு கிளை. அடியில் கழன்ற இடம் சொரசொரப்பாக, விரல் வைத்தால் உறுத்தியது. எடுத்து நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தேன். ஏழு பெண்மான்களும் போன ஆண்டு பிறந்த ஒரு குட்டியும் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் அசையவில்லை. ஆனாலும் போய்விட்டன, மேல்நோக்கி. பனியின் மேலோடு உடைந்து ஒவ்வொரு காலடிக்கும் நெஞ்சு வரை புதைந்தன. பெரியவை பாய்ந்து பாய்ந்து கடந்துவிட்டன. குட்டி இரண்டு முறை நின்றது. இடுப்பெலும்பு தோலுக்குள் முட்டிக்கொண்டு தெரிந்தது. அது மேட்டைத் தாண்டி மறைந்த பிறகும் கையில் கொம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் எந்த விதியையும் மீறவில்லை. அந்தக் காட்சி பல ஆண்டுகளாக என்னைத் துரத்துவதற்குக் காரணமே அதுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கொழுப்பு. மானுக்குக் கோடையில் சேர்த்த கொழுப்புதான் சேமிப்பு. குளிர்காலத்தில் தின்னும் புதர் உயிரைப் பிடித்து வைக்கும், உடம்பைத் தேற்றாது. வயிறு நிறையத் தின்றாலும் எடை குறைந்துகொண்டேதான் போகும். ஐந்தில் ஒரு பங்கு எடை இறங்குவது சாதாரணக் குளிர்காலத்திலேயே நடக்கும். நவம்பரில் சினைபிடித்த பெண்மானுக்கு ஜூனில் பேறு. அதனால் மார்ச், ஏப்ரலில் வயிற்றுக் குட்டி வேகமாக வளர்கிறது, சேமிப்போ அடிமட்டத்தில் இருக்கிறது. ஒரு விதி இந்த இரண்டு மாதத்தைக் காக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது, விதி நேரத்துக்கு வருகிறதா. மூன்றாவது, சரிவில் நிற்கும் சாதாரண ஆளுக்கும் அவனைத் தடுக்க வேண்டிய வனவிலங்கு அதிகாரிக்கும் விதி ஒரே மாதிரி புரிகிறதா. நான்காவது, நெருக்கடி உண்மையில் குறைகிறதா, இல்லை பக்கத்து மாநிலத்துக்கோ வேறொரு நாளுக்கோ தள்ளிப்போகிறதா. ஐந்தாவது, யார் எதை இழக்கிறார்கள். மலையடிவாரச் சிற்றூர்களில் கொம்பு விற்ற காசில் பள்ளிப் பிள்ளைகள் கோடைச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை வில்லனாக்கி எழுதும் எந்த விதியும் ஊரில் நிற்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2022–23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கின் 'வயோமிங் ரேஞ்ச்' மியூல் மான் கூட்டத்தில் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த குட்டிகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. வளர்ந்த பெண்மான்களிலும் பாதிக்கு மேல் செத்தன. அவற்றைக் கொன்றது பனி. கொம்பு பொறுக்கியவர்கள் மீது அந்தப் பழியைப் போட முடியாது. விதியால் காக்க முடிவது விளிம்பில் நிற்பவற்றை மட்டும்தான்: இன்னும் இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் நின்றால் பச்சைப்புல்லைப் பார்த்துவிடும் என்ற நிலையில் இருப்பவை. கடும் ஆண்டுக்குப் பிறகு கூட்டம் மீண்டும் பெருகுவது அந்த விளிம்பு மான்களிலிருந்துதான்.

## வழி 1: ஆண்டுதோறும் குறித்த தேதி வரை மூடுவது

வயோமிங்கில் 2009இல் இதற்கான அதிகாரம் சட்டமாயிற்று. ஆறுகளைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் கண்டப் பிரிகோட்டுக்கு மேற்கே உள்ள பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு எடுக்கக் கூடாது. கொலராடோ 2018இல் இதே தேதிகளை ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொதுநிலங்களுக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் பனி அதிகமா, குறைவா என்ற பேச்சே இல்லை. தேதி என்றால் தேதி.

முதல் அளவுகோலில் இதற்கு ஈடு இல்லை. கொழுப்பு வற்றும் மாதங்கள் முழுவதும் மூடியிருக்கும். யாரும் கூட்டம் போட்டு, பனியளவு பார்த்து, அறிவிக்கக் காத்திருக்க வேண்டாம். மூன்றாவது அளவுகோலிலும் தேறும்: மார்ச் 20 அன்று சரிவில் ஒருவர் பழுப்புக் கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால், அதிகாரி எதையும் விசாரித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பொறுக்குபவருக்கு நட்டமா? இங்கேதான் அந்த நிறக் கணக்கு வருகிறது. மார்ச்சில் விழுந்த கொம்பு மே முதல் நாளிலும் பழுப்பாகத்தான் இருக்கும். அணிலோ முள்ளம்பன்றியோ சுண்ணாம்புச் சத்துக்காக ஓரத்தைக் கொறித்திருக்கலாம், அவ்வளவுதான். விலை விழாது. காத்திருப்பதால் கொம்பு கெடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்ச்சிலேயே ஓடுவதற்கு ஒரே காரணம், அடுத்தவன் எடுத்துவிடுவானோ என்ற பயம். எல்லாருக்கும் ஒரே தேதி என்றால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

இனி விலையைச் சொல்கிறேன். முதல் விலை, திறப்பு நாள் ஓட்டம். வயோமிங்கின் ஜாக்சன் நகரை ஒட்டி 1912இல் உண்டான தேசிய எல்க் சரணாலயம் இருக்கிறது. சுமார் 25,000 ஏக்கர்; ஆயிரக்கணக்கான எல்க்குகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அதை ஒட்டிய பிரிட்ஜர்-டீட்டன் தேசியக் காட்டில் கொம்பு எடுக்க மே 1 அன்று வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஒரு காலத்தில் நள்ளிரவு 12 மணிக்கே திறந்தார்கள். கும்மிருட்டில் தலைவிளக்கோடு ஆட்களும் குதிரைகளும் பாய்ந்ததில் காயமும் சண்டையும் வந்து, நேரத்தைப் பகலுக்கு மாற்றினார்கள். நான்கு மாதம் பரவியிருக்க வேண்டிய நடமாட்டம் ஒரே காலையில் கொட்டுகிறது. மே தொடக்கத்தில் மண்சாலைகள் இன்னும் சகதி. டயர்த் தடம் ஆண்டுக்கணக்கில் மாறாது.

இரண்டாவது விலை, ஒளித்து வைத்தல். மூடிய மாதங்களில் 'சும்மா நடக்கப் போகிறேன்' என்று போய், கிடைத்த கொம்புகளை ஒரு மரத்தடியில் குவித்து, கைபேசி வரைபடத்தில் குறித்துவிட்டு வருபவர்கள் உண்டு. மானுக்கு அந்த ஆள் பொறுக்கினாலும் குறித்தாலும் ஒன்றுதான். எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. அதனால் விதியில் தேடுவது, குவிப்பது, இடம் குறிப்பது எல்லாமே 'பொறுக்குதல்' என்று எழுதியிருக்க வேண்டும். ஆதரித்து எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது, பனி குறைந்த ஆண்டில் மூடுவது வீண் என்ற புகார். ஓரளவு நியாயம்தான். ஆனால் மென்மையான ஆண்டில் நிம்மதியாக நின்ற பெண்மான் திடமான குட்டி ஈனும். அது யாருக்கும் வீணில்லை.

## வழி 2: கடும் பனி ஆண்டில் மட்டும் அவசரத் தடை

2023இல் யூட்டா செய்தது இது. அந்தக் குளிர்காலத்தில் மாநிலத்தின் பனியில் அடங்கியிருந்த நீர் 30 அங்குலத்தைத் தொட்டு, 1983இன் பழைய உச்சத்தை முறியடித்தது. பிப்ரவரி 7 முதல் ஏப்ரல் 30 வரை மாநிலம் முழுவதும் கொம்பு பொறுக்கத் தடை. ஐடாகோவும் அந்த ஆண்டு தன் கிழக்குப் பகுதிகளை மூடியது.

இதன் கவர்ச்சி புரிகிறது. தேவையான போது மட்டும் கட்டுப்பாடு, மற்ற ஆண்டுகளில் சுதந்திரம். பொதுமக்களும் உடனே ஒத்துக்கொள்வார்கள். சாலையோரத்தில் எலும்பும் தோலுமாக மான் நிற்பதைப் பார்த்த பிறகு யாரும் வாதாட மாட்டார்கள்.

ஆனால் அந்த ஒப்புதல் வரும்போது எவ்வளவு தாமதம் ஆகிவிடுகிறது என்று யோசியுங்கள். மான் சாலையோரம் இறங்கி நிற்கிறது என்றால் சேமிப்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஓடிய ஓட்டத்தின் கணக்கு மார்ச்சில்தான் தீர்க்கப்படும். பனியளவு எடுத்து, பிடித்த மான்களின் முதுகுக் கொழுப்பை அளந்து, கூடிப் பேசி, அறிவிப்பு எழுதி வெளியிட எவ்வளவு விரைந்தாலும் வாரங்கள் ஆகும். யூட்டா பிப்ரவரி முதல் வாரத்தில் அறிவித்ததே மிக விரைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

மறைந்த செலவு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மாநிலம் திடீரென மூடினால் பொறுக்குபவர்கள் எல்லை தாண்டுகிறார்கள். பனிக்கு மாநில எல்லை தெரியாது. பக்கத்து மாநில மானும் அதே பட்டினியில்தான் இருக்கும். அங்கே விதி இல்லையென்றால் இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒரே சரிவில் ஏறுவார்கள். அதோடு, 'இந்த வருஷம் மூடியிருக்கா, எந்தப் பகுதி, எது வரைக்கும்' என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரக்கடைசியில் பிள்ளைகளோடு போகும் தம்பியைப் போன்றவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான்.

இதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஏற்கெனவே ஏப்ரல் 30 வரை மூடும் மாநிலத்தில் பனி மே வரை நீண்டால், தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்க இந்த அதிகாரம் வேண்டும். அடித்தளமாக வைத்தால் இது பலவீனம், மேல்கூரையாக வைத்தால் பலம்.

## வழி 3: இடத்தையே மூடுவது

கொம்பை விட்டுவிட்டு, மான் ஒதுங்கும் சரிவை மட்டும் எல்லாருக்கும் மூடுவது. மொன்டானாவின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் பல டிசம்பர் தொடக்கத்திலிருந்து மே 15 நண்பகல் வரை மூடியிருக்கும். நடப்பவர், பனிச்சறுக்குபவர், நாயோடு வருபவர், கொம்பு தேடுபவர் என்ற வேறுபாடே கிடையாது.

மானின் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் மிக நேர்மையான விதி. தன்னை எழுப்பி ஓட வைப்பவன் எதற்காக வந்தான் என்று மான் கேட்பதில்லை. அவிழ்த்துவிட்ட ஒரு நாய் செய்யும் கேடு, மெதுவாக நடக்கும் பத்துப் பேர் செய்யாதது. கொம்பு பொறுக்குபவரை மட்டும் தடுத்துவிட்டு, அதே சரிவில் பனிவண்டி ஓட்ட விட்டால் ஊரில் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும்.

வயோமிங்கின் கெமரர் பக்கம் ஒரு முதிய பண்ணைக்காரரோடு 2023 கோடையில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு வெளியே அந்த வசந்தத்தில் செத்த மான்களை இழுத்துப் போட்ட பள்ளத்தைக் காட்டினார். விதி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "எங்களை நிறுத்துங்கள், சரி. நகரத்திலிருந்து வருபவர்களையும் நிறுத்துங்கள்" என்றார். அந்த நியாயத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் எல்லை வரைய வேண்டும். எந்தச் சரிவு முக்கியம் என்று ஆண்டுக்கணக்கில் மான்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். வேலியும் பலகையும் கதவும் ஆளும் வேண்டும். வயோமிங்கில் மியூல் மான்கள் சிவப்புப் பாலைவனத்திலிருந்து ஹோபாக் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வலசை போவதை ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அந்தத் தடம் முழுக்க வேலி போட முடியுமா? முடியாது. இந்த வழி குவிந்து நிற்கும் இடங்களுக்கு அருமை, பரந்து நிற்கும் இடங்களுக்குப் பயன்படாது. இதற்கும் திறப்பு நாள் ஓட்டம் உண்டு. மே 15 நண்பகலில் கதவுக்கு முன்னால் காத்திருக்கும் கூட்டம் சின்னதில்லை.

கொலராடோவின் கன்னிசன் பள்ளத்தாக்கு இடத்துக்கு ஏற்ற விதிக்கு ஒரு நுணுக்கமான உதாரணம். அங்கே மே முதல் பாதியில் சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை கொம்பு எடுக்கக் கூடாது. காரணம் மான் இல்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் கன்னிசன் சேஜ் கோழி. அது விடியற்காலையில்தான் கூடி ஆடி இணைதேடும். மனிதனைப் பத்து மணிக்கு மேல் வரச் சொன்னால் இருவருக்கும் சரியாகிவிடுகிறது.

## வழி 4: பாடம், கட்டணம், உள்ளூராருக்கு முதலிடம்

யூட்டாவில் குளிர்கால, வசந்த மாதங்களில் கொம்பு பொறுக்க இலவச இணையப் பாடம் முடித்த சான்றிதழ் வேண்டும். வயோமிங்கில் 2023இல் வந்த சட்டப்படி வெளிமாநிலத்தார் உள்ளூராரை விட ஒரு வாரம் கழித்து, மே 8 அன்றுதான் தொடங்கலாம். 2024இல் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அவர்கள் வனவிலங்குப் பாதுகாப்புக்கான கட்டண முத்திரை ஒன்றும் வாங்க வேண்டும்.

பாடம் நல்ல பாடம்தான். மானைக் கண்டால் திரும்பு, தூரத்திலிருந்தே தொலைநோக்கியால் பார் என்று சொல்லித் தருகிறது. ஆனால் சான்பீட் சரிவில் நான் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் நின்றேன். மரங்களுக்கு அந்தப் பக்கம் மான் நிற்கிறது என்று போவதற்கு முன் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு திரும்பினால் அவை ஏற்கெனவே எழுந்துவிட்டன. நல்ல எண்ணம் உள்ளவனையும் தவறான மாதத்தில் சரிவுக்கு அனுப்பிவிட்டு அறிவுரையால் அதைச் சரிசெய்ய முடியாது.

கட்டணத்தால் ஒரு நன்மை: அதிகாரிகளுக்குச் சம்பளமும் வண்டிக்கு எண்ணெயும் எங்கிருந்தாவது வர வேண்டும். யார் யார் போகிறார்கள் என்ற கணக்கும் கிடைக்கும். உள்ளூராருக்கு ஒரு வாரம் முன்னால் என்பது கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்கிறது. ஆனால் மானைப் பொறுத்தவரை இவை துணைக்கறி. சோறு வேறு.

## முழுத் தடை பற்றி ஒரு வார்த்தை

"நம்ம ஊர்ல மான் கொம்பு எடுக்கவே கூடாதே, இங்கேயும் அப்படியே பண்ணிடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தியக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பும் தொடக் கூடாத பொருள். யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களிலும் எடுக்கக் கூடாது. ஆனால் இந்தியாவில் விற்பனை அனுமதித்தால் 'உதிர்ந்தது' என்ற பெயரில் கொன்ற மானின் கொம்பும் சந்தைக்கு வரும் என்ற பயம் முக்கியமானது. அமெரிக்க மேற்கில் இப்போதைய சிக்கல் காலமும் தொந்தரவும். மே மாதத்தில் எடுத்தால் மானுக்குக் கேடில்லாத ஒன்றை அடியோடு தடுத்தால், மானுக்காகப் பேசக்கூடிய மலைவாசிகளையே எதிரிகளாக்கிக்கொள்வோம்.

## ஒரே பார்வையில்

| | தேதி வரை மூடல் | அவசரத் தடை | இடம் மூடல் | பாடமும் கட்டணமும் |
|---|---|---|---|---|
| மார்ச்–ஏப்ரல் காப்பு | முழுமையாக | அறிவித்த நாளிலிருந்து | மூடிய இடத்தில் மிக நன்று | குறைவு |
| நேரத்துக்கு வருமா | எப்போதும் | பெரும்பாலும் தாமதம் | எப்போதும் | பொருந்தாது |
| புரிந்துகொள்வது | எளிது | ஆண்டுதோறும் மாறும் | எல்லை தெரிந்தால் எளிது | எளிது |
| நெருக்கடி எங்கே போகும் | திறப்பு நாளுக்கு | பக்கத்து மாநிலத்துக்கு | பக்கத்துச் சரிவுக்கு, திறப்பு நாளுக்கு | எங்கும் போகாது, அங்கேயே இருக்கும் |
| மறைந்த செலவு | ஒளித்துவைத்தல், சகதிச் சாலை | குழப்பம், அறியாமல் மாட்டுதல் | வேலி, பலகை, ஆள் | பொய்யான நிம்மதி |

## எந்த ஊருக்கு எது

மான்கள் பரந்த பொதுநிலத்தில் சிதறி நிற்கும் மாநிலம், குளிர்காலம் பெரும்பாலும் கடுமையாகவே இருக்கும் என்றால் தேதி வரை மூடுவதே சரி. அதோடு திறப்பு நேரம் பகலில் இருக்க வேண்டும், வெளியூராருக்கு ஒரு வாரம் பின்னால் வைக்க வேண்டும்.

குளிர்காலம் பத்தில் எட்டு ஆண்டு மென்மையாக இருந்து, எப்போதாவது ஒருமுறை மட்டும் கொல்லும் இடமென்றால் அவசரத் தடையைப் பரிசீலிக்கலாம். ஒரு நிபந்தனையோடு: எந்தப் பனியளவில் தடை தானாக அமலுக்கு வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்த அளவைத் தொட்டதும் கூட்டம் கூட்டாமல் கதவு மூட வேண்டும்.

ஊரை ஒட்டிய ஒரு சில சரிவுகளில் மான் குவிந்து நிற்கிறது, அங்கே நடைபாதையும் நாய்களும் அதிகம் என்றால், கொம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அந்தச் சரிவை எல்லாருக்கும் மூடச் சொல்லுங்கள். நகரத்தாருக்கு அது கசக்கும். பண்ணைக்காரர் கேட்ட நியாயம் அதில்தான் இருக்கிறது.

தனியார் நிலம் அதிகமுள்ள பகுதியில் பொதுநிலத்துக்கு மட்டும் பொருந்தும் விதி பாதி வேலைதான் செய்யும். அங்கே நில உரிமையாளர்களோடு பேசி, மே வரை அனுமதி தராதிருக்கக் கேட்பது சட்டத்தை விடச் சீக்கிரம் பலன் தரும்.

தம்பியின் பகுதி முதல் வகை. அவனுக்கு நான் எழுதிக்கொடுத்த கோரிக்கையில் நான்கு வரிதான்: ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை பொதுநிலத்தில் கொம்பு தேடுவதும் குவிப்பதும் குறிப்பதும் எடுப்பதும் கூடாது; திறப்பு மே 1 காலை வெளிச்சத்தில்; பனி நீண்டால் மே 15 வரை தள்ளிவைக்க மாநில வனவிலங்கு ஆணையத்துக்கு அதிகாரம்; பனிவண்டியும் அவிழ்த்த நாயும் அதே சரிவுகளில் அதே தேதிகளில் கூடாது. கடைசி வரியைப் படித்துவிட்டு அவன் கேட்டான், "அண்ணா, எங்க வீட்டு நாய்க்குமா?" ஆமாம் என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, அதையும் சேர்த்தே அனுப்பினான். பசங்களை மே முதல் சனிக்கிழமை கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.